மற்றவை

கையில் ஒரு எண்ணும் கருவி.
கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடும்.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
நடப்பவர், ஓடுபவர், அமர்ந்திருப்பவர், மற்றவை.
பூங்காவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று
நகராட்சிகள் கேட்கும்.
எண்ணிக் கொடுப்பேன்.
அதற்குத்தான் கூலி.

திபிலீசியில் முதல் நாளே தகராறு.
மல்பெரி மரத்தடியில் கல்மேசை,
ஜோடி சேர்ந்து நர்தி ஆட்டம்.
மூன்று இருக்கைகளில் மூன்று கிழவர்கள்,
நான்காவதில் ஒரு தொப்பி.
'தொப்பியையும் சேர்த்துக்கொள்' என்றார் ஸவுரி.
'அது ஜும்பெர்.
ஈஸ்டருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.
எங்களுக்கு நாற்பது லாரி பாக்கி.
அப்படியெல்லாம் பாதியில் எழுந்து போய்விட முடியாது.'
தொப்பியின் முறை வரும்போது
அந்தப் பக்கம் போகிற யாரையாவது கூப்பிட்டுப்
பகடையை உருட்டச் சொல்கிறார்கள்.
பள்ளிக்கூடப் பையன், பால்காரி,
ஒருமுறை போலீஸ்காரர்.
செத்தவன் ஜெயித்துவிட்டால்
வசவு தெருக்கோடி வரை கேட்கும்.
பாக்கி இப்போது பதினாறு லாரிதான்.
அது தீர்ந்துவிடுமோ என்று
மூவருக்கும் உள்ளூரப் பயம்.

நான்கு முறை அமுக்கினேன்.
மேலதிகாரி கேட்டால் கை தவறிவிட்டது என்பேன்.

மால்மோவில் புதுப் பெஞ்சுகள்.
நடுவே ஒரு இரும்புக் கைப்பிடி,
யாரும் படுத்துவிடக் கூடாதாம்.
ஓடுபவர் இருநூற்றுப் பன்னிரண்டு.
அமர்ந்திருப்பவர் ஒன்பது.
ஒரு நாய் இன்னொரு நாயை மோந்தபோது மட்டும்
கயிறுகளின் இந்த முனைகள் பேசிக்கொண்டன.
'என்ன வயசு?'
நாய்க்கு.

ஷாங்காயில் சனிக்கிழமை.
மழை இல்லை, ஆனால் வழிநெடுக விரித்த குடைகள்.
குடைக்கு ஒரு தாள்:
பிறந்த வருஷம், உயரம், சம்பளம், வீடு சொந்தமா வாடகையா.
பின்னால் மடக்கு நாற்காலியில் தாயோ தகப்பனோ.
பெண்ணும் மாப்பிள்ளையும்
எங்கோ பதினோராவது மாடியில்
தூங்கிக்கொண்டிருப்பார்கள்.
ஷென் யூஃபாங் ஆறு வருஷமாக வருகிறாள்.
மூன்றாம் வருஷமே மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று,
அவனே பார்த்துக்கொண்ட பெண்.
இருந்தும் சனிக்கிழமை தோறும் குடை வருகிறது.
தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
பக்கத்துக் குடைக்காரி அதைப் பற்றிக் கேட்பதே இல்லை;
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப்
பிரித்து நடுவில் வைக்கிறாள்.

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

நைரோபியில் பகல் ஒரு மணி.
புல்வெளி முழுக்க ஆட்கள்,
கழற்றிய பூட்ஸ் தலைமாட்டில், செய்தித்தாள் முகத்தில்.
வேலையில் இருப்பவன் ஒருவன்,
வேலை தேடி அலைபவன் ஒருவன்.
முகத்தை மூடிவிட்டால் வித்தியாசம் தெரிவதில்லை.
தாளைப் பார்த்தால் கொஞ்சம் தெரியலாம்:
ஒன்று விளையாட்டுப் பக்கம்,
ஒன்று விளம்பரப் பக்கம்.
இரண்டு மணிக்கு நன்றாகத் தெரியும்.

மொந்தேவிதேயோவில் ஞாயிறு, தூறல்.
நான்கு கட்டங்களும் காலி.
மதியத்துக்கு மேல் ஒருத்தி வந்தாள்,
கக்கத்தில் பிளாஸ்க், கையில் சுரைக்குடுக்கை.
இத்தனை பெஞ்சுகள் கிடக்க
என் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.
பெயர் நேலிடா. வேறொன்றும் சொல்லவில்லை.
வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலில் உறிஞ்சித் தீர்த்தாள்.
மறுபடி ஊற்றி என்னிடம் நீட்டினாள்.
அதே குழல்.
எச்சில் பார்க்காத ஊர்.
நான் பார்க்கிறவள்.
ஒரு நொடி தயங்கியதை அவள் கவனித்தாள்,
கையை மட்டும் பின்னிழுக்கவில்லை.

வாங்கிக்கொண்டேன். வேப்பங்கொழுந்துக் கசப்பு.
எண்ணும் கருவி பைக்குள் கிடந்தது.
கட்டைவிரல் பழக்கதோஷத்தில்
குடுக்கையின் விளிம்பை
ஒருமுறை, பிறகு இன்னொருமுறை,
அமுக்கிப் பார்த்தது.